ஜான் சல்லிவன்

ஜான் சல்லிவன் (ஜூன் 15, 1788 – ஜனவரி 16, 1855) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலர்களுள் ஒருவர் ஆவார். 1815 முதல் 1830 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய இவர், உதகமண்டலம் நகரத்தை உருவாக்கியவர் என அறியப்படுகிறார். நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்ததும், மலைக்குச் சாலை அமையக் காரணமாக இருந்ததும், உதகை ஏரியை வெட்டுவித்ததும் இவருடைய பணிகளாகும். இவற்றுள் ஏரியே இன்று மிகுதியான மக்கள் நேரில் காணும் சின்னமாக உள்ளது. எனினும் படகு இல்லத்துக்கும் சிறுவர் தொடர்வண்டிக்கும் வந்து செல்வோருள் அது ஒருவர் அமைத்த செயற்கை ஏரி என்பதை அறிந்தோர் சிலரே.

இளமையும் பணியின் தொடக்கமும்

சல்லிவன் இலண்டனில் பிறந்தார். 1804 ஆம் ஆண்டில், பதினாறு வயது நிறையும் தறுவாயில், கம்பனியின் எழுத்தராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அக்காலத்தில் எழுத்தர் என்பது கம்பனிப் பணியின் முதற்படியாகும். அங்கிருந்து தொடங்கியோரே பிற்காலத்தில் ஆட்சியர்களாகவும் ஆளுநரின் அவை உறுப்பினர்களாகவும் உயர்ந்தனர். பல இடங்களில் பணியாற்றிய பின்னர் 1815 இல் கோயம்புத்தூர் ஆட்சியராக அமர்த்தப்பட்டார். மாவட்டத்தின் வடமேற்கில் உயர்ந்து நின்ற நீலமலைத் தொடர் அப்போது அவருடைய ஆட்சிப் பகுதிக்குள் அடங்கியிருந்தது. கம்பனியின் வருவாய்க் கணக்குகளில் இடம்பெற்றிருந்தபோதிலும் அதன் மேற்பரப்பைக் கண்ட ஐரோப்பியர் மிகச் சிலரே.

மலையேற்றம்

1818 ஆம் ஆண்டில் விஷ், கிண்டர்சிலி என்னும் இரண்டு உதவி அலுவலர்கள் மலைமீது ஏறித் திரும்பினர். சமவெளியில் வெப்பம் வாட்டும் காலத்திலும் மேலே குளிர்ந்த பீடபூமி ஒன்று உள்ளது என்னும் செய்தியை அவர்கள் கொண்டு வந்தனர். இதைக் கேட்ட சல்லிவன் 1819 சனவரியில் தாமே மலையேறினார். கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டிப் பள்ளத்தாக்கு அவரை முதலில் கவர்ந்தது. அதை ஒட்டிய கன்னேரிமுக்கு என்னும் படகர் சிற்றூரில் அவர் கட்டிய வீடு, நீலகிரியில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் வீடாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ தெ லா தூர் இம்மலைக்கு வந்து உடல்நலம் தேறினார். மலைக்காற்று நோய் தீர்க்கும் என்னும் கருத்து பரவுவதற்கு இதுவும் உதவியது.

நீலகிரி அப்போது மக்களற்ற மலை அன்று. தோடர், படகர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோர் அங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். எருமை மேய்ப்பு, வேளாண்மை, கைத்தொழில், காடுபடு பொருள் சேகரிப்பு என அவர்களிடையே தொழிற்பகிர்வும் பண்டமாற்றும் இருந்தன. ஆகவே சல்லிவனை நீலகிரியைக் கண்டுபிடித்தவர் எனக் கூறுவது பொருந்தாது.

சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பகுதிக்குச் செல்லும் மலைப்பாதை மெக்பெர்சன் என்னும் படை அலுவலரின் மேற்பார்வையில் அமைக்கப்பட்டு 1823 இல் முடிவுற்றது. சுமை ஏற்றிய மாடுகளும் பல்லக்குகளும் அதன் வழியாக ஏறத் தொடங்கியதும் மலையில் குடியேற்றம் விரைவு பெற்றது.

உதகமண்டலமும் கல் பங்களாவும்

சல்லிவனின் கவனம் பின்னர் பீடபூமியின் மேற்குப் பக்கத்திலுள்ள ஒத்தைக்கல்மந்து என்னும் தோடர் குடியிருப்பின் சுற்றுப்புறத்துக்குத் திரும்பியது. மந்து என்பது தோடர் ஊரைக் குறிக்கும் சொல். அப்பெயரே ஆங்கிலேயர் நாவில் திரிந்து, பின்னர் உதகமண்டலம் எனத் தமிழில் நிலைத்தது என்பர். 1822 இல் இங்குக் கல்லாலான வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். இதற்கான நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு உரூபாய் விலையில் வாங்கியதாகக் கூறப்படுகிறது. இவ்வீட்டைப் படகர்கள் கல் பங்களா என அழைத்தனர். இதன் ஆங்கிலப் பெயர் ஸ்டோன் ஹவுஸ் என்பதாகும். சென்னை மாகாண அரசு கோடையில் உதகைக்கு இடம் பெயர்ந்த காலத்தில் இக்கட்டடமும் அதன் வளாகமும் அரசு அலுவலகமாகப் பயன்பட்டன. 1955 முதல் அரசு கலைக் கல்லூரி இவ்வளாகத்தில் இயங்கி வருகிறது.

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்ட சல்லிவன் உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போன்றவற்றையும் பழமரங்களையும் பயிரிட்டுப் பார்த்தார். இன்று மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஊட்டிக் காய்கறி என விற்கப்படுவனவற்றின் தொடக்கம் இத்தகைய தோட்டங்களே. அன்றைய ஆட்சியர்கள் பலரும் இவ்வகை முயற்சிகளில் ஈடுபட்டனர். அதே 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியையும் பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். ஏற்காடு, மாரமங்கலம் முதலிய மலையூர்களின் காப்பித் தோட்டங்களுக்கு அதுவே வித்தாகும். சல்லிவனை உதகையின் தந்தை என்பது போலக் காக்பர்னை ஏற்காட்டின் தந்தை என்பர்.

1826 ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் சர் தாமசு மன்றோ உதகைக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார். நோயுற்ற படைவீரர்கள் தங்கி உடல்நலம் பெறுவதற்கான இடமாக உதகையை ஆக்க வேண்டும் எனச் சல்லிவன் அரசுக்குத் தொடர்ந்து எழுதி வந்தார். மன்றோவின் வருகை அவ்வேண்டுகோளுக்கு வலுச் சேர்த்தது.

ஏரி

உதகைப் பள்ளத்தாக்கின் ஓடைகளை மறித்து மண்கரை எழுப்பி ஏரி அமைக்கும் பணி 1823 இல் தொடங்கி 1825 இல் நிறைவுற்றது. இதன் நோக்கம் பொழுதுபோக்கு அன்று. மழைக்காலத்து நீரைத் தேக்கிப் பாசனத்துக்குப் பயன்படுத்துவதே ஆட்சியரின் எண்ணமாக இருந்தது. உதகை ஏரியின் உபரிநீர் சாண்டிநல்லா ஓடையில் கலந்து, மோயாற்றின் வழியாகப் பவானியை அடையும் தன்மையது. பவானிக் கரையிலுள்ள வயல்களோ சல்லிவனின் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மலையுச்சியில் தேக்கிய நீர் சமவெளிப் பயிருக்கு உதவும் என அவர் கருதியதில் வியப்பில்லை. தமிழகத்தின் ஏரிப் பாசன முறையை அன்றாடம் கண்டு, அதன் வருவாயைக் கணக்கிட்டு வந்த ஓர் ஆட்சியரின் சிந்தனை இது.

ஏரியின் தொடக்கக் காலம் எளிதாக இருக்கவில்லை. வெள்ளப்பெருக்கின்போது நீர் கரைமீறி ஏரி வெறுமையானது மூன்று முறை நிகழ்ந்தது. மீண்டும் மீண்டும் கரை செப்பனிடப்பட்டது. பாசனத் திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆயினும் நீர்ப்பரப்பு நிலைத்துவிட்டது. அக்காலத்தில் அது இன்றுள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு பெரியதாய், கிழக்கே இன்றைய நகரத்தின் தாழ்வான பகுதி வரை நீண்டிருந்தது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பரிசலிலும் படகிலும் சென்றனர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மீன் வகைகள் விடப்பட்டு மீன்பிடி இடமாகவும் ஏரி மாறியது. ஏரியைச் சுற்றிய பாதை, மாலையில் குதிரையிலும் வண்டியிலும் உலாவ வருவோரின் விருப்பத்துக்குரிய இடமாயிற்று.

ஆளுநர் லஷிங்டனுடன் முரண்பாடு

மன்றோவை அடுத்து 1827 இல் ஆளுநரான ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டனும் உதகையின் வளர்ச்சியில் ஆர்வம் கொண்டவரே. இருப்பினும் அதன் பொறுப்பு ஆட்சியரிடம் இருப்பதை அவர் விரும்பவில்லை. உதகை படைத்துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, மேஜர் கெல்சோ என்பவர் தளபதியாக அமர்த்தப்பட்டார். 1830 இல் நீலகிரியின் மேற்குப் பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. அது மீண்டும் கோயம்புத்தூரில் சேர்ந்தது 1843 இல்தான்.

இம்முரண்பாட்டின் அடியில் நில உரிமைச் சிக்கல் இருந்தது. மலையின் மேய்ச்சல் நிலம் தோடர்களின் முழு உடைமை என்றும், அவர்களுக்கு உரிய விலை தராமல் எவரும், அரசே ஆயினும், அதை எடுத்தல் ஆகாது என்றும் சல்லிவன் வாதிட்டார். அரசுத் தரப்பு இதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு என்னும் நிலைப்பாடே நிலைபெற்றது. மறுபுறம், சல்லிவன் தாமே பரந்த நிலத்தைத் தம் பெயரில் வளைத்துக் கொண்டார் என்று அவருடைய எதிர்ப்பாளர்கள் குற்றஞ்சாட்டினர். தோடர் உரிமைக்காகப் பேசியவரும் தோடர் நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கியவரும் ஒருவரே என்பதை அவரைப் புகழும் நூல்கள் பெரும்பாலும் கடந்து சென்று விடுகின்றன.

குடும்பமும் பிற்கால வாழ்வும்

சல்லிவன் 1820 இல் ஹென்றியெட்டா செசீலியாவை மணந்தார். உதகையில் குடியிருந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி இவரே எனக் கூறப்படுகிறது. 1830 இல் ஆட்சியர் பதவியிலிருந்து விலகிய சல்லிவன் இங்கிலாந்து சென்றார். இந்திய ஆட்சி குறித்து ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின்முன் 1832 இல் சாட்சியம் அளித்தார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி வருவாய் வாரியத்திலும் ஆளுநரின் அவையிலும் உயர்பதவி வகித்தார். 1838 இல் அவருடைய மனைவியும் மகள் ஹாரியட்டும் சில நாள் இடைவெளியில் இறந்தனர். இருவரும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர்.

1841 இல் இந்தியாவை விட்டு நீங்கிய சல்லிவன் கம்பனி ஆட்சியைக் கடுமையாகக் குறை கூறுவோருள் ஒருவரானார். இந்தியரை உயர்பதவிகளில் அமர்த்த வேண்டும் என்பதும், இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்து செல்கிறது என்பதும் அவருடைய வாதங்கள். சதாரா போன்ற நாடுகளைக் கம்பனி தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டதை எதிர்த்தார். இந்திய மன்னர்களுடன் செய்த உடன்படிக்கைகளைக் காக்க வேண்டும் என வலியுறுத்தி 1853 இல் ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். 1855 இல் இறந்த அவர், இங்கிலாந்தில் சுலவ் நகரை அடுத்த அப்டன் புனித லாரன்சு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறை நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 21 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அடையாளம் காணப்பட்டது.

சல்லிவனுக்குப் பின் ஏரி

சல்லிவன் மறைந்த பிறகு நகரம் வளர வளர ஏரி சுருங்கியது. உதகையில் சமதளம் அரிது. ஏரியின் ஆழமற்ற கிழக்குப் பகுதியை நிரப்பினால் சமதளம் கிடைக்கும் என்பதால், இடம் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் ஏரியே முதலில் நினைவுக்கு வந்தது போலும். கிழக்குப் பகுதி வடிக்கப்பட்டு ஹோபார்ட் பூங்கா எனப்பட்ட வெளியாயிற்று. அங்கேயே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1908 இல் மலைத் தொடர்வண்டி உதகையை அடைந்தது. பின்னர்ப் பேருந்து நிலையமும் ஏரிப் பூங்காவும் பழைய நீர்ப்பரப்பின் பகுதிகளில் எழுந்தன. எஞ்சிய ஏரியின் பரப்பு ஏறத்தாழ 65 ஏக்கர் எனக் குறிப்பிடப்படுகிறது.

1973 இல் சுற்றுலாத் துறை, பொதுப்பணித் துறையிடமிருந்து ஏரியைப் படகுச் சவாரிக்காகப் பெற்றுக் கொண்டது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் படகு இல்லம் உதகையில் கூட்டம் மிகுந்த இடங்களுள் ஒன்றாயிற்று. துடுப்புப் படகு, மிதி படகு, இயந்திரப் படகு ஆகியவற்றுடன் சிறுவர் தொடர்வண்டி, ஊஞ்சல்கள், விளையாட்டுக் கருவிகள், கரையோரக் குதிரைச் சவாரி, கடைகள் என ஏரிக்கரை ஒரு கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தது. ஏரியின் மற்றோர் ஓரத்தில் 1986 இல் மான் பூங்கா அமைக்கப்பட்டுப் பிற்பாடு மூடப்பட்டது.

கேளிக்கை பெருகிய அதே காலத்தில் நீர் கெட்டது. நகரின் நடுவே ஓடிவரும் கோடப்பமந்து கால்வாய் கழிவுநீரையும் வண்டலையும் ஏரியில் கொண்டு சேர்த்தது. ஆகாயத்தாமரை படர்ந்தது. நடுவண் அரசு 2001 இல் தொடங்கிய தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து உதகை, கொடைக்கானல் ஏரிகள் சேர்க்கப்பட்டன. கொடைக்கானல் ஏரியும் 1863 இல் மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு முயற்சியால் அமைந்த செயற்கை ஏரியே. உதகை ஏரியில் தூர்வாருதல், கால்வாயில் தடுப்பு வலைகள் அமைத்தல், கழிவுநீரைப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்புதல் ஆகிய பணிகள் தவணை தவணையாக நடந்துள்ளன. ஆயினும் மழைக்குப்பின் வண்டல் மீண்டும் வந்து சேர்கிறது. வண்டல் வரும் வழி மேலேயுள்ள சரிவுகளில் இருப்பதால், ஏரியை மட்டும் தூர்வாருவது பாதிப் பணியே ஆகும்.

சீரமைப்பும் மரபும்

நீர்க்கரைக் கேளிக்கைப் பூங்காக்கள் முதுமையடையும்போது எதைக் காப்பது, எதை மாற்றுவது என்னும் கேள்வி உலகின் பல இடங்களில் எழுந்துள்ளது. நியூயார்க்கின் கோனி தீவில் 1927 இல் கட்டப்பட்ட சைக்ளோன் என்னும் மரச் சறுக்குத் தொடர்வண்டி 1988 இல் நகரின் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில் உள்ள டிரீம்லாண்டு பூங்காவின் 1920 ஆம் ஆண்டு மரச் சவாரி, 2008 இல் தீக்கு இரையான பிறகும் மீண்டும் கட்டப்பட்டது. பூங்கா 2015 இல் திறக்கப்பட்டது. அங்கெல்லாம் மரபு என்பது ஒரு கருவி, ஒரு கட்டடம்.

உதகையின் நிலை வேறு. படகு இல்லத்தின் கேளிக்கைக் கருவிகளுள் எதுவும் பழமையானது அன்று. சிறுவர் தொடர்வண்டியை மாற்றினாலும் கடைகளை அகற்றினாலும் மரபுக்கு இழப்பில்லை. இங்குள்ள பழம்பொருள் 1825 ஆம் ஆண்டின் நீர்ப்பரப்பும் அதைத் தாங்கும் கரையும், அதனுள் வந்து விழும் ஓடைகளுமே. ஏரிக்கரையில் நிற்கும் புனித தாமசு தேவாலயமும் மலைத் தொடர்வண்டி நிலையமும் இவற்றுக்குத் துணை நிற்பவை. மலைத் தொடர்வண்டியை 2005 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக் கொண்டது. அத்தகைய பாதுகாப்பு எதுவும் ஏரிக்கு இல்லை.

இந்நிலையில் படகு இல்லத்தை ஒட்டிச் சாகச விளையாட்டுகளை அமைக்கும் திட்டம் 2020களில் மேற்கொள்ளப்பட்டபோது, வருவாய் பெருகும் என ஒரு சாராரும், குறுகிய ஏரிக்கரை மேலும் நெருக்கடியாகும் என மற்றொரு சாராரும் கருதினர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. உதகையில் படகோட்டிகள், குதிரைக்காரர்கள், சிறுகடைக்காரர்கள் எனப் பல குடும்பங்கள் ஏரிக்கு வருவோரை நம்பியே வாழ்கின்றன. பயணிகள் எண்ணிக்கையோ சென்னை உயர் நீதிமன்றம் தலையிடும் அளவுக்குப் பெருகியது. அதன் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் ஊர்திகளுக்கு மின்னணு நுழைவுச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு சூலையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. குத்தகை நிலுவை தொடர்பான நீண்ட வழக்கிற்குப்பின் குதிரைப் பந்தயத் திடலின் ஏறத்தாழ 52 ஏக்கர் நிலத்தை வருவாய்த் துறை திரும்ப எடுத்துக் கொண்டது. அங்குச் சுற்றுச்சூழல் பூங்கா அமைக்க அரசு முடிவு செய்தது. பூங்காவுக்கென எடுக்கப்பட்ட இவ்விடம் சல்லிவன் காலத்தில் ஏரியின் அடித்தளமாக இருந்ததே ஆகும். நகரின் மழைநீர் இயல்பாகத் தேடிச் செல்லும் பள்ளமும் இதுவே. பூங்காவில் புல்வெளியும் நடைபாதையும் எவ்வளவு, நீர் தங்குவதற்கான குட்டைகள் எவ்வளவு என்பதைப் பொறுத்தே இச்சீரமைப்பு ஏரிக்குப் பயன்படுமா என்பது அமையும்.

நினைவுச் சின்னங்கள்

கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய முதல் வீடு பலகாலம் பாழடைந்து கிடந்தது. 2000களின் தொடக்கத்தில் மாவட்ட நிருவாகத்தின் முயற்சியால் பழைய வடிவிலேயே சீரமைக்கப்பட்டு, சல்லிவன் நினைவகமாகவும் நீலகிரி ஆவணக் காப்பகமாகவும் பயன்படுகிறது. ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் அவர் நட்டதாகக் கூறப்படும் ஓக் மரம் அவர் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது. உதகை நகரின் இருநூறாம் ஆண்டு விழாவை ஒட்டி 2022 மே மாதத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சல்லிவனின் சிலையை உதகையில் திறந்து வைத்தார். ஏரிக்கு அவர் பெயர் சூட்டப்படவில்லை. அதன் உபரிநீர் இன்றும் சாண்டிநல்லா ஓடை வழியாகக் காமராசர் சாகர் அணையை நோக்கிச் செல்கிறது.